மூணு ஓட்டை ஆப்பரேசன்

என்னாங்கடா, சங்கம் கூடிருச்சா? பீடிக்கு வக்கில்லாட்டியும் கடை வாசல்ல குந்திக்கிட்டு எங்க கந்தப்பன் மாமாவப் பாத்து சிரிக்க வந்துட்டீங்க. சிரிங்க. அழகுமுத்து, நீ மட்டும் பல்லு வெளக்கிட்டு வந்து சிரி.

ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறானுங்கடா. மாமாவுக்குக் கிட்னியில கேன்சர் கட்டி. கண்டியில டாக்டரு மூணு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவ விட்டு, டீவியப் பாத்துக்கிட்டே கிட்னியோட அறுத்து, அடிவயித்துல சின்னதாக் கீறி வெளிய எடுத்துட்டாரு. நம்ம லயத்து வீட்டுல டீவியப் பாத்துக்கிட்டு ஆக்குனா சோறே அடிப்பிடிக்குது...

மாமா என்னான்னா பஸ்ஸுல வந்து நடந்து எறங்குறாரு. அங்கதான் தப்பு. தூக்கிட்டு வந்திருந்தா நம்பியிருப்பாங்க. பாக்க வந்ததுக எல்லாம் சட்டையத் தூக்கிப் பாத்துட்டு, "இதென்னா, அட்டை கடிச்ச மாதிரி இருக்கு"ங்குதுக. பூரணியக்கா கொண்டாந்த ஹார்லிக்ஸ் போத்தல திரும்ப எடுத்துட்டே போயிருச்சுடா. அது மகனுக்குக் கொடல் வெட்டுனப்ப நாங்க ரெண்டு போத்தல் குடுத்தோம்.

தோட்டத்துல வேலை பிரிக்கிற கண்டாக்கையா மட்டும் டாக்டர் எழுதிக் குடுத்த துண்டப் பாத்து நம்புனாரு. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாதுன்னு தேயிலை ஸ்டோர்ல லேசு வேலை போட்டாரு. ஒடனே லயமே பொருமுது, அட்டைக்கடிக்கு லேசு வேலையான்னு.

அப்பத்தான் யாரோ ஒரு மேதாவி, பழைய வேட்டியக் கிழிச்சு, மாமாவுக்கு நெஞ்சுலருந்து இடுப்பு வரைக்கும் கட்டுப் போட்டு, ரத்தத்துக்கு ஆரத்திய ஊத்தி விட்டான். மஞ்சளும் சுண்ணாம்பும். மாமா வேணாம் வேணாம்னாரு, யாரு கேட்டா? ஆனா பலிச்சிருச்சுடா. ஹார்லிக்ஸ் திரும்பி வந்துச்சு, பிஸ்கட்டோட.

நேத்து பாரு, ஸ்டோருக்குப் போற வழியில மழை. செவப்பு கரைஞ்சு கால் வரைக்கும் ஓடுது. அத்தை போட்ட கூச்சல்ல, மாமாவக் கம்பிளியில போட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. கட்ட அவுத்தா மஞ்ச வாசம். கண்டாக்கையா மோந்து பாத்துட்டு, "ரத்தம் பொய்னா துண்டும் பொய்தான்"னுட்டாரு. நாளைக்குக் காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல மாமா கையில கவாத்துக் கத்தி. உள்காயமே ஆறல, அந்த மனுசன் ஒத்தக் கிட்னியோட நாள் பூரா குனிஞ்சு தேயிலை வெட்டணும்.

இவ்வளவுக்கும் மேதாவி யாருன்னு மாமா வாயத் தொறக்கல...

எங்கடா எந்திரிக்கிறீங்க? கண்டாக்கையா பங்களாவுக்கு யாராச்சும் தொணைக்கு வாங்கடா. தர்ஷன்? நீயுமா? சரி, போங்க.

ஆரத்தி கரைச்சது நாந்தான்டா.