துளைகள் இருக்க வேண்டிய இடம்

கொன்செப்டாவின் மீன் சூப்பில் விசிலைப் போட்டவன் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார்ஜென்ட், பிறகு அது வேறு கிளம்பி வர வேண்டாம்.

ஆறு துளை வைத்து, பாட்டு வாசிக்கிற இந்த மலிவு விசில்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிளாஸ்டிக் தலையைப் பித்தளைக் குழாயோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். தலை நகராவிட்டால் மற்றவர்களோடு சுருதி சேர்க்க முடியாது. சுடுநீரில் சற்று நேரம் தலைகீழாக நிறுத்தினால் பசை இளகிவிடும். அன்று வியாழக்கிழமை, கொன்செப்டாவின் பப்பில் எல்லாரும் கூடி வாத்தியம் வாசிக்கும் நாள். கெட்டில் ரிப்பேர். அடுப்பில் சூப் நல்ல சூட்டில் இருந்தது. நான் விசிலை அதற்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு விசிலை எடுத்தால் கையில் குழாய் மட்டும் வந்தது. பல வருட எச்சில் ஊறிய தலை கிளிஞ்சல்களோடு கீழே போய்விட்டது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள். ஃபிடில் வாசிக்கும் மலாக்கி ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றுவிட்டு, "இன்னிக்கு சூப்புல ஒரு தனி ருசி இருக்கு, கொன்செப்டா. என்னம்மா போட்ட?" என்றான். ஆனால் நம் ஊரை உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் வாசம் அடித்திருந்தாலும் அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஒருவர் முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்வது இங்கே கெட்ட பழக்கம்.

தலை வந்து சேர்ந்தது ப்ளானிட்டின் கிண்ணத்தில். அப்போதுதான் அவள் எனிஸிலிருந்து வந்து, தபால் ஆபீஸ் பக்கத்தில் முடி திருத்தும் கடை போட்டிருந்தாள். அவள் கத்தவில்லை. காகிதத்தில் சுற்றி, யாரும் பார்க்காதபோது என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களோடதுதானே? நான் யார்கிட்டயும் சொல்லல."

"உனக்கு அருவருப்பா இல்லையாம்மா?"

"கழுவினா போச்சு. என் தலையெழுத்து, நாள் முழுக்க ஊர்க்காரங்க தலையைத்தானே பாக்குறேன்." அதை ஆடையில் துடைத்து, உதட்டில் வைத்து ஊதியே பார்த்துவிட்டாள். "எனக்கும் இதுல ஒண்ணு வேணும். விலை கம்மியா எது நல்லா இருக்கும்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் நான். இந்தக் கரையில் யார் முதல் விசில் வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்குகிற காசுக்கு ஒரு நல்ல விசில் கிடைக்கும் என்று நிரூபிப்பதில் எனக்கு ஒரு கர்வம். கடையில் நின்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, பத்தில் ஒன்பதைத் தள்ளுவேன். மேல் சுரத்தில் கீச்சிடுவது ஒன்று, கீழ்ச் சுரத்தில் உடைவது ஒன்று. பத்தாவதின் தலைக்குள் இருக்கும் பள்ளத்தைச் சுவரில் படம் ஒட்டுகிற பசைக்களிமண்ணால் அடைப்பேன். கீச்சு அடங்கிவிடும். அவளுக்கும் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தேன். அது நேர்மையான வேலை. அந்த விசிலைப் பற்றி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

வசந்தத்தில் அவள் வாசிப்புக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். நான் கணப்பின் பக்கத்து நாற்காலி. அடுத்த பாட்டு எதுவானாலும் அந்த நாற்காலிதான் ஆரம்பிக்கும். அவள் எனக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த ஸ்டூலில். ரீல் என்கிற வேகமான ஆட்ட மெட்டு ஒன்று முடிந்ததும் மலாக்கி ஃபிடில் வில்லை மடியில் போட்டுவிட்டு, "அடி பொண்ணே, இன்னொரு தடவை வாசி" என்றான். அவள் தனியாக வாசித்தாள். கிளாஸ்கள் அப்படியே நின்றன. கொன்செப்டா பியர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

முப்பது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். எனக்காகக் கொன்செப்டா ஒரு கிளாஸைக்கூடப் பாதியில் நிறுத்தியதில்லை.

நான் பொறாமைக்காரன் அல்ல. அது அருவருப்பு. விளக்குவது கடினம். ப்ளானிட்டின் விசில் வாயிலிருந்து எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சொட்டும், எனக்கும்தான். ஆனால் அவளுடையதைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சின்னக் கைகள், ஷாம்பூவில் வெளுத்துச் சுருங்கிய விரல் நுனிகள், அவை ஓட்டைகள்மேல் ஈரமாக எழுந்து எழுந்து அமர்வது. எனக்குச் சூப் நினைவு வந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மலாக்கியைக் கேட்டேன்: "நானா அவளா, யாருப்பா நல்லா வாசிக்கிறது?"

"ரெண்டு பேரும் வேற வேற ரகம்" என்றான். "நாளைக்கு மழை பிடிச்சுக்கும் போல இருக்கே."

கொன்செப்டாவைக் கேட்டேன். "உன்ன மாதிரி யாரு இருக்கா, ஃபின்டன்?" என்றாள். நம் ஊரில் அது பாராட்டும் அல்ல, திட்டும் அல்ல.

கோடையில் ப்ளானிட் புல்லாங்குழல் வேண்டும் என்றாள். மரக்குழல் அவள் வாங்கக் கூடிய விலையில் இல்லை. சின்னக் கைகளுக்கென்றே துளைகளை நெருக்கி அமைத்த பிளாஸ்டிக் குழல்கள் தபாலில் வரும். மலிவு. நல்லவை. அது எனக்குத் தெரியும். "அது பொம்மை, அதுல வாசிச்சா கெட்ட பழக்கம் ஒட்டிக்கும். நானே ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. "உங்களுக்கு ஏன் சிரமம், ஃபின்டன்?" என்று மூன்று தடவை கேட்டாள்.

பப்பின் கழிவறையைப் பழுது பார்த்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய் பின்கட்டில் கிடந்தது. புதுக் குழாய்தான், பயன்படுத்தியது அல்ல. அந்த அளவுக்குக் கேவலமானவன் அல்ல நான்.

இப்போது கவனியுங்கள், இதுதான் முக்கியம். ஒரு துளையைக் கீழே தள்ளிப் போட்டால் சுரம் இறங்கும். துளையைப் பெரிதாக்கினால் சுரம் ஏறும். இரண்டையும் அளந்து செய்தால் சுரம் இருந்த இடத்திலேயே இருக்கும். விரல்தான் விரிய வேண்டும். காதால் கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஊதலாக, சுத்தமான சுருதியாக இருக்கும். ஊதுகிறவளின் கை மட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் இழுபட்டுக் கிழியும். முதலில் அட்டையில் அவள் கையை வரைந்துகொண்டேன். "பொருத்தமா செய்யணுமில்ல" என்றேன். சிரித்தபடி விரல்களை விரித்துக் காட்டினாள். அவை எட்டும் தூரத்தை அளந்து, அதற்குக் கொஞ்சம் அப்பால் ஒவ்வொரு துளையும். கொஞ்சம்தான். எட்டவே எட்டாது என்றால் விட்டுவிடுவாள்.

துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும் குழலைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. விரல் நுனியை விட்டுவிட்டு, நடுக்கணுவின் சதையால் மூடினால் பாதி வலி போய்விடும். நம் ஊரில் பைப் என்கிற தோல்பை வாத்தியம் வாசிக்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. "நுனியாலதான் மூடணும், அப்பதான் சுரம் சுத்தமா வரும்" என்றேன்.

இலையுதிர் காலத்தில் கை வலி என்றாள். நான் கல்நெஞ்சன் அல்ல, சார்ஜென்ட். ஒவ்வொரு வாரமும் தைலம் கொண்டுபோனேன். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, அவளை அந்த உயர நாற்காலியில் உட்காரவைத்து, நானே கையைத் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது விரல் நுனிகளை அழுத்தி, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்பேன். முதலில் எல்லாம் தெரிந்தது. பிறகு சுண்டுவிரல் தெரியவில்லை. அப்புறம் மோதிர விரல்.

"கொஞ்ச நாள் நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"இப்ப நிறுத்தினா இவ்வளவு நாள் பட்டது வீணாயிடும்மா. எல்லாருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும்."

சொல்லும்போது என் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் தைலமும் வியர்வையும் கலந்து என் உள்ளங்கையில் ஒட்டியதை வெளியே வந்ததும் புல்லில் துடைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் காதோரத்தில் சீப்பு கைநழுவிக் கத்தரி பட்டுவிட்டது. கால்வே டாக்டர் இடது கை நரம்பு போய்விட்டது என்றார், திரும்பாது என்றார். கடையை மூடிவிட்டாள். வியாழக்கிழமைகளில் கையில் கட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான்தான் ஆரம்பிப்பேன். கொன்செப்டா பியர் ஊற்றுவாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வேலை நயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? அந்தக் குழலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. மலாக்கியைக் கேட்டால், "நல்லா வெள்ளையா இருந்துச்சு" என்றான். கொன்செப்டா, "கைவேலைன்னா கைவேலைதான்" என்றாள். இன்று காலை ப்ளானிட் வீட்டுக்கே போனேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் எனக்கு டீ ஊற்றினாள்.

"ப்ளானிட், மனசுல வச்சுக்காம சொல்லு. நான் செஞ்சு குடுத்த குழல் எப்படி இருந்துச்சு?"

"அழகா இருந்துச்சு, ஃபின்டன். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"அழகக் கேக்கல. நேரா சொல்லு."

டீக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி, நேராவே சொல்றேன். மோசமான குழல். முதல் வாரமே மலாக்கி கையில வாங்கிப் பாத்துட்டு, 'பாவம் ஃபின்டன், துளை போடத் தெரியல அந்த மனுஷனுக்கு. இத வச்சு வாசிச்சா உன் கை போயிடும், என் தங்கச்சியோடது ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்துக்கோ'ன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க ஆசையா செஞ்சது. வேற குழலோட வந்து உங்க பக்கத்துல உக்காந்தா உங்க மனசு என்ன பாடுபடும்? ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஃபின்டன். யாரும் உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான். உங்கமேல எனக்குக் கோவமில்ல. தெரியாம செஞ்சீங்க. ஆனா இனிமே யாருக்கும் செஞ்சு குடுக்காதீங்க. உங்களுக்கு அது வராது."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறேன். பேனாவைக் கீழே வைக்காதீர்கள், சார்ஜென்ட். மலாக்கி சொன்னது பொய். அந்தக் குழலில் ஒரு துளைகூடத் தவறி விழவில்லை. ஆறும் நான் நினைத்த இடத்தில்தான் இருக்கின்றன, நான் நினைத்த வேலையைத்தான் செய்தன. அதை ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.