பலகை மேல பழசு, தரையில புதுசு

— விமலா, அந்த அடுப்ப அணச்சிட்டு இங்க வா. கத்தாத. குழம்புக்குக் கருணைக்கிழங்கு எங்கேருந்து எடுத்த?

— நீங்க சொன்ன எடத்துலேருந்துதான். கொட்டாயில, பலகை மேல இருந்த சாக்கு. ஏங்க?

— பலகை மேல பழசு, தரையில புதுசு. அதான இந்த வீட்டுல சட்டம்?

— கல்யாணமாகி வந்ததுலேருந்து அதான் சட்டம். சாமி ரூம்புக்குக்கூட நீங்க அவ்ளோ சட்டம் போட்டது இல்ல.

— மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குக் குடுத்தனுப்பலாம்னு ஒரு பை பழங்கிழங்கு எடுக்கப் போனேன். சுருங்கிப்போன பழசெல்லாம் தரையில கெடக்குது. பலகை மேல இருக்குறதுல மண்ணு இன்னும் காயல.

— அப்ப நான் ஆக்கினது?

— செவ்வாக்கெழம தோண்டினது.

— ஐயோ!

— மெதுவா பேசு லா. முன்னால அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.

— ரொம்ப அரிக்குமாங்க?

— என்ன கேள்வி இது? எலை பழுத்துச் சாஞ்சப்புறந்தான் தோண்டணும். கழுவக் கூடாது. நெழல்ல பரப்பி ஈரம் வாங்க விடணும். ஒன்னோட ஒன்னு ஒட்டாம, காத்தாட மூனு மாசம் கெடக்கணும். அதுக்கப்புறந்தான் கருணை சாப்பாடு. அதுக்கு முன்னாடி அது வெறும் கோவம்.

— புளி நெறைய ஊத்தியிருக்கேன்.

— புளி ஊத்தினா ஒடனே தெரியாது. கொஞ்சம் பொறுத்துத் தெரியும்.

— நான் உப்புப் பாக்க சாறு மட்டுந்தான் நக்கினேன். அப்பலேருந்து நுனிநாக்கு என்னமோ பண்ணுது. படபடப்புன்னு நெனச்சேன்.

— மா, குழம்பு இன்னொரு கிண்ணம் வேணும்.

— யாருக்குடி நித்தியா?

— மாப்பிள்ளையோட தாய்மாமாவுக்கு. மூனாவது தடவ கேக்குறாரு.

— மூனாவதா!

— நல்லா இருக்காம்மா. தோட்டத்துக் கருணைக்குத் தனி ருசியாம்.

— மாப்பிள்ளையோட அம்மா சாப்பிட்டாங்களா?

— அவங்களுக்கு இனிப்புநீரு, ரத்தத்துல சக்கர. கெழங்கு பக்கமே போக மாட்டாங்களாம். கீரையும் ரசமும் போட்டுக்கிட்டாங்க.

— பையன்?

— தீபனா? அவரும் குழம்பு வேணாம்னுட்டாரு.

— ஏன்? என் கருணைக்கு என்ன கொறச்சல்?

— என்னங்க நீங்க, இப்ப அந்தக் கவலையா? நித்தியா, அந்தக் கிண்ணத்த வையி. நித்தியா! பாருங்க, எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

— நான் போய்ச் சொல்லிடறேன்.

— என்னன்னு?

— கெழங்கு மாறிப்போச்சு, மன்னிச்சுக்குங்கன்னு.

— சபாக் டவுன் வரைக்கும் பேரு போயிரும். பொண்ணு பாக்க வந்தவங்க நாக்க அரிக்க வச்ச வீடுன்னு. அவளுக்கு முப்பத்திமூனு வயசுங்க. எத்தன எடம் வந்துட்டுப் போச்சு? ஒவ்வொரு தடவையும் வீட்டக் கழுவி, பலகாரம் சுட்டு, அவளுக்குப் பூ வச்சு விடறேன். போன தடவ அவங்க காடி கெளம்பினப்புறம் அந்தப் பூவ அவளே எடுத்துக் குப்பையில போட்டா. எனக்கு இன்னொரு தடவ அதப் பாக்கத் தெம்பு இல்ல.

— எனக்கு மட்டும் இருக்கா?

— அப்ப பேசாம இருங்க.

— அந்தத் தாய்மாமன் ரெங்கசாமி தங்கமான ஆளா இருந்தாலாச்சும் பரவால்ல. தரகர் சொன்னாரு இல்ல? தஞ்சோங் காராங்ல ஒரு வீட்டுல, வாசப்படி சரியில்லன்னு எந்திரிச்சுப் போனவரு. புக்கிட் பெருந்துங்ல அவங்க தெருவுலயே ஒரு பொண்ணு. நாய் கொலச்ச விதம் புடிக்கலன்னு சொல்லிட்டாராம்.

— நம்ம வீட்டுல நாயே இல்ல.

— அதையும் சொல்லுவாரு.

— சொன்னா முடிஞ்சுது. அவங்க குடும்பத்துல அதான் வழக்கமாம். தட்டு மாத்துறதுக்கு முன்னால தாய்மாமன எல்லாரும் பாப்பாங்களாம். அவரு வேணாம்னு வாய் தொறந்து சொல்லிட்டா, அதுக்கு மேல பேச்சே கெடையாது. பேசாம இருந்தா சம்மதம்.

— இதுவரைக்கும் பேசாம இருந்திருக்காரா?

— தரகர்கிட்ட அதத்தான் கேட்டேன். அவரு சிரிச்சிட்டுக் காப்பியக் குடிச்சாரு.

— பா, மாமா இருமுறாரு.

— எப்படி இருமுறாரு?

— மொதல்ல மரியாதையாத்தான் ஆரம்பிச்சாரு. இப்ப அப்படி இல்ல.

— விமலா, மோரு எங்க? கூலா மெலாக்கா வெல்லம் ஒரு கட்டி எடு. வாயில அடக்கிக்கட்டும்.

— மோரு குடுத்துட்டேன்பா. கட்டியும் குடுங்க, கொண்டு போறேன். ஆனா அவரால வாய மூட முடியல. நாக்கு கொஞ்சம் வெளியில இருக்கு.

— எவ்ளோ வெளியில?

— கொஞ்சந்தான். விருந்தாளி அளவுக்கு.

— பேசுறாரா?

— பேசப் பாத்தாரு. "பொண்ணு பொறந்த வருஷம்"னு கேக்க வந்தாருன்னு நெனைக்கிறேன். "பொ"வோட நின்னுடுச்சு.

— முருகா! அவங்க அம்மா என்ன சொல்றாங்க?

— அவங்களும் அழுவுறாங்கம்மா.

— அவங்களுக்கும் அரிக்குதா? கெழங்கே தொடலன்னு சொன்ன!

— அரிக்கல. மாமா கண்ணுலேருந்து தண்ணி ஊத்துறதப் பாத்து அழுவுறாங்க. "எங்க அண்ணன் என் கல்யாணத்துக்குக்கூட அழுவல, இந்தப் பொண்ணப் பாத்ததும் மனசு நெறஞ்சு போச்சு"ன்னு சொல்றாங்க.

— அந்த மனுஷன் இல்லன்னு தலையாட்டலாம் இல்ல?

— ஆட்டினாருப்பா. அவங்க, "சரிண்ணே, அழுவாதண்ணே"ன்னு தலையத் தடவிக் குடுக்குறாங்க.

— கைய அசைக்கலாமே?

— ரெண்டு கையாலயும் வாய்க்கு விசிறினாரு. அவங்க ஓடிவந்து என்னை அவரு கால்ல விழச் சொன்னாங்க. விழுந்துட்டேன். ஆசீர்வாதம் பண்றாராம்.

— இது பாவம் விமலா. நான் போறேன். உள்ளதச் சொல்லிடறேன்.

— நில்லுங்க! அவ மொகத்தப் பாத்துட்டுப் போங்க.

— பா, உங்களையும் அம்மாவையும் முன்னால கூப்பிடறாங்க. தட்டு மாத்தணுமாம்.

— இப்பவா?

— இப்பவேதான். மாமா மனசு மாறுறதுக்குள்ளன்னு அவங்க அம்மாவே சொல்றாங்க. சட்டை பட்டன் தப்பாப் போட்டிருக்கீங்க. வாங்க.

— அவங்க கெளம்பின காடி பாலத்தத் தாண்டிருச்சாங்க?

— தாண்டிருச்சு. ரெங்கசாமி கண்ணாடிய எறக்கிவிட்டு, காத்துல நாக்க நீட்டிக்கிட்டே போறாரு.

— சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிருமில்ல?

— அதெல்லாம் போயிரும். நாளைக்குப் பேச ஆரம்பிச்சிடுவாரு.

— பேசட்டும். தட்டு மாத்தியாச்சு, தேதியும் வச்சாச்சு. இப்படி ஒரு சந்தோஷத்த நான் அடுப்பங்கரையில ஒளிஞ்சு நின்னு வாங்குவேன்னு நெனைக்கல.

— எனக்குத்தான் மனசு ஆறல. நான்தான் சாக்க மாத்தி வச்சிருக்கணும். கண்ணு மங்கிப்போச்சு. என் கருணை இதுவரைக்கும் யாரு நாக்கையும் அரிச்சது இல்ல. இனிமே நான் அதப் போடப் போறதில்ல.

— பா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

— நீ சும்மா ஆறுதல் சொல்லாதம்மா. அதவிட இன்னொன்னு. தீபன் நல்ல பையனாத்தான் தெரியுறாரு. ஆனா படத்துல பாத்ததோட சரி, இன்னிக்குத்தான் மொத மொதல்ல நம்மளப் பாக்குறாரு. நான் போட்ட கெழங்குல ஒரு துண்டு எடுத்து வாயில வச்சிருந்தா எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்திருக்கும்? தொடவே இல்ல.

— அவரு எப்படிப்பா தொடுவாரு? சாக்கு ரெண்டையும் எடம் மாத்தி வையின்னு முந்தாநாளு என்கிட்ட போன்ல சொன்னதே அவருதான்.