உச்சத்தை அமுக்கிய கபூலா

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் லுஹெண்டே அவர்களே, நம் ஏரிக்கரை முவான்சா நகர ஒலிபெருக்கித் தொழிலாளர் சங்கத்தின் மூத்தோர்களே, மீன்சந்தையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கபூலாவைப் பாராட்டும் இம்மேடையில் நான் அடைமொழிகளை அடுக்கப் போவதில்லை. அவர் ஒலிபெருக்கி இயக்கும் ஆட்டக் குழுவில் மேளம் அடிப்பவன் நான். கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

சென்ற அறுவடை விழாவின் ஆட்டப் போட்டி. இரண்டு குழு, ஒரே மைதானம், எதிரெதிர் மேடை. எந்தப் பக்கம் கூட்டம் சேருமோ அந்தப் பக்கம் வெற்றி. எங்கள் பாடகர் மலிமி, அவ்வாண்டு ஏரியில் மூழ்கிய மீனவர்களின் பெயர்களைச் சொல்லிப் பாட்டுக் கட்டியிருந்தார். மலிமியின் குரலை அறியாதவர் உண்டா? முணுமுணுப்பில் தொடங்கும், முழக்கத்தில் முடியும். அந்த முழக்கம்தானே முந்தைய விழாவில் ஸ்பீக்கரின் சுருளை எரித்து, பாதிப் பாட்டில் எங்களை ஊமையாக்கியது?

ஆகவே கபூலா, ஒலியை அமுக்கும் கம்ப்ரசரை இணைத்தார். குரல் எல்லை தாண்டினால் அக்கருவி அமுக்கும். தாண்டாத குரலைத் தொடாது. மலிமிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, என் தொண்டைக்கு மூக்கணாங்கயிறா?"

"நீங்க எவ்வளவு வேணா கத்துங்க அண்ணே. ஸ்பீக்கர் செத்துப்போச்சுன்னா அந்தப் பேரெல்லாம் யாருக்குக் கேக்கும்?"

சிரிக்காதீர்கள் ஐயா, மலிமி முன்வரிசையில்தான் இருக்கிறார்!

பாட்டு தொடங்கியது. எதிர்மேடை ஒலியை ஏற்றியது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மேடையிலிருந்தே மலிமி அலறினார்:

"அதக் கழட்டு கபூலா! சனம் போகுது பாரு!"

"கழட்ட மாட்டேன்! நீங்க பாடுங்க!"

ஆத்திரத்தில் அவர் முழங்கினார், மேலும் முழங்கினார். அமுக்குவதைக் காட்டும் கம்ப்ரசரின் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. ஸ்பீக்கர் தாங்கியது, தொண்டை தாங்கவில்லை. குரல் உடைந்தது. பாட வேண்டிய பெயர்களோ பாதி மீதம்!

கபூலா என்ன செய்தார்? உச்சம் அடங்கியிருந்ததால் மிச்சத்தை உயர்த்த இடம் இருந்தது. மொத்த ஒலியையும் கொஞ்சம் ஏற்றினார். கொஞ்சம்தான், அளவு மிஞ்சினால் சுருள் சூடேறி எரியும் அல்லவா? கிழிந்த குரல் கிசுகிசுப்பாக வந்தது. ஆனால் மைதானத்தின் கடைக்கோடிவரை வந்தது. அங்கேதான் அமர்ந்திருந்தார்கள், மகன்களை ஏரிக்குக் கொடுத்த தாய்மார்கள்.

"ஷிஜா" என்றார் மலிமி. பொரித்த மீன் விற்கும் மின்சா எழுந்து நின்றார்.

"எம் புள்ள பேரு! எம் புள்ள பேரச் சொல்றாங்க!"

அடுத்த பெயருக்கு அடுத்த தாய் எழுந்தார். அதற்கடுத்த பெயருக்கு இன்னொருவர். நான் அடித்துக்கொண்டே பார்த்தேன். என் கைகள் என்னைக் கேளாமல் மெல்ல அடித்தன.

போட்டியில் தோற்றோம். கூட்டம் அவர்கள் பக்கமே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

இறங்கி வந்த மலிமி, கபூலாவிடம் காற்றாகக் கேட்டார்: "ஒரு பேராவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விடல அண்ணே. எல்லாம் கேட்டுச்சு."

மலிமி அங்கேயே கம்பிச் சுருள்கள்மேல் உட்கார்ந்து அழுதார்.

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி, கபூலாவின் கைகளுக்கு வணக்கம் செலுத்தி, அமர்கிறேன்.