பித்தளை காட்டிக் கொடுத்தது

— சீ, இந்த நாத்தம் கையை விட்டே போக மாட்டேங்குதுடா தம்பி. ரெண்டு தடவை சோப்புப் போட்டுட்டேன்.

— பித்தளையைத் தொட்டா அப்படித்தான்க்கா. மாமாவோட துப்பாக்கி, கத்தி ரெண்டையும் நேரா என் பட்டறைக்கே கொண்டு வந்திருக்கலாம்ல? நீ ஏன் உக்காந்து தேய்ச்சே?

— கத்தியை மட்டுந்தான் தேய்ச்சேன். கைப்பிடிக்கு மேல இருக்கற பித்தளைக் காப்பு முழுக்கப் பாசி புடிச்ச மாதிரி பச்சை. இப்படிக் களிம்பு ஏறும்னு தெரிஞ்சே எதுக்குடா அதைப் போடறாங்க?

— இரும்புன்னா துரு உள்ள வரைக்கும் தின்னுடும். பித்தளை மேலாப்புல கறுக்கும், பச்சை பூக்கும், அதோட சரி. தேய்ச்சா புதுசாட்டம் ஆயிடும்.

— தோட்டாவுக்கும் அதானா?

— அதுக்கு வேற காரணமும் இருக்கு. சுட்ட வேகத்துல தோட்டாக் கூடு உப்பி, குழலோட ஒட்டி அடைச்சுக்கும். நெருப்பும் புகையும் பின்னால வந்து சுடறவன் மூஞ்சில அடிக்காது. அடுத்த நொடியே சுருங்கிக்கும், இழுத்தா வந்துடும். இரும்புக் கூடுன்னா பல நேரம் உள்ளயே சிக்கிக்கும்.

— சரி, பாடம் போதும். நாளைக்கு இதை வாங்கறவர் வர்றாரு. பளபளன்னு ஆக்கிக் குடு.

— மாமா இதைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு?

— ரெண்டு வருஷமாப் பரண்லதான் கெடக்கு.

— இந்தக் கூடு குழலுக்குள்ளயே இருந்துச்சுக்கா. பாரு.

— நல்லாத்தானே மின்னுது.

— அதைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் கெடந்திருந்தா கறுத்துப் போயிருக்கும். இது சுட்டு ஒரு வாரங்கூட ஆகலை. இப்பப் பேசிக்கிட்டே கத்தியோட காப்பையும் கழட்டிப் பாத்தேன். இடுக்குல காஞ்ச ரத்தம். அதுல ஒட்டின செம்பட்டை முடி.

— மூடுடா அதை. என் கண்ணுல காட்டாதே.

— திங்கக்கெழமை ஏரிக்கரையில எவனோ சுட்டுப் போட்டிருந்த மானைப் பாத்தவன் நான். சினை மான். தொடை ரெண்டையும் அறுத்து எடுத்துக்கிட்டு, வயித்துல இருந்த குட்டியைச் சேத்துல வீசிட்டுப் போயிருந்தான். ஈ மொய்ச்சுக் கெடந்துச்சு. எவன் செஞ்சானோ அவன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அத்தனை பேர் முன்னாலயும் சொன்னேன். மாமாவும் பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டினாரு. த்தூ.

— மெல்லப் பேசு.

— எதுக்கு மெல்ல? உனக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியும். நாளைக்கு வாங்கறவர் யாரும் வரலை. வனத்துறை ஆளுங்க வீடு வீடா வந்து துப்பாக்கி பாக்கறாங்களாம்.

— அதான் கழுவிக் குடுக்க என்கிட்ட வந்தியா? அந்தாளு வீட்டுக்குக் கொண்டு வந்த கறியை என்ன செஞ்சே? அதையும் கொழம்பு வெச்சியா? உனக்கு அருவருப்பாவே இல்லையாக்கா?

— வெச்சேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் உனக்கு டிபன் கேரியர்ல குடுத்தனுப்பினேனே, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டியே, அது என்ன கறின்னுடா நெனச்சே?