மானிட்டர் அணைந்த பிறகு

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

“மானிட்டர் அணைஞ்சதும் வாயைத் திறந்தேன். துபாய் வரைக்கும் கேட்டுடுச்சுக்கா.”

“என்னடி சொல்ற?”

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர்கிட்ட கம்ப்யூட்டர்ல பேசுறேன்ல? கொஞ்ச நேரம் மவுஸைத் தொடலைன்னா மானிட்டர் அணைஞ்சுடும். லைன்தான் போயிடுச்சுன்னு நெனச்சு மாமியார்கிட்ட கொட்டிட்டேன். ‘நாத்து விட நான், நடவுக்கு ஆள் பிடிக்க நான், மடைத் தண்ணிக்குச் சண்டை போடவும் நான். உங்க புள்ளை மட்டும் அடுத்த வருஷம் வர்றேன், அடுத்த வருஷம் வர்றேன்னே சொல்லட்டும்’னு.”

“அய்யய்யோ!”

“அணைஞ்சது மானிட்டர் மட்டுந்தான். கேமரா, மைக்கெல்லாம் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. மவுஸ்ல கை பட்டதும் படம் வந்துச்சு. மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“திட்டினாரா?”

“எங்க திட்டுறது? அறுப்புக்கு வர்றேன்னு லீவு கேட்டுட்டாரு.”

“எதுக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைச் சரி பண்ணிடுடி.”

“மெக்கானிக் எதுக்கு? முன்னாடி அது தானா பூட்டிக்கிட்டு பாஸ்வேர்டு கேட்டுச்சு, அதை நானே செட்டிங்ஸ்ல போய் எடுத்துட்டேன். மானிட்டர் அணையுறதும் அதே இடத்துலதான் இருக்கு.”

“அப்ப அதையும் எடுத்துட்டியா?”

பஸ் நின்றது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“அதை ஏன் எடுக்கணும்? எங்க மாமியாருக்கும் புள்ளைகிட்ட சொல்ல நெறைய இருக்குக்கா. மூஞ்சியப் பாத்தா அவங்களுக்குப் பேச்சு வரமாட்டேங்குது.”