நாப்பதுன்னு காட்டுச்சு

கதவ ஒதைக்காதீங்க அங்கிள். சுஹாஸ் எங்கயும் ஓடிட மாட்டான், உள்ள ரேஞ்சர் முன்னாடி உக்காந்து எழுதிக் கொடுத்துட்டிருக்கான். அவன அடிச்சா மட்டும் உங்க பொண்ணு வந்துடுவாளா? நான் ரக்‌ஷிதா, அபேக்‌ஷாவோட ரூம்மேட். ஆமா, தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே, அதே ரக்‌ஷிதாதான்.

தேடிட்டுதான் இருக்காங்க. பன்னெண்டு பேரு, மோப்ப நாயும் போயிருக்கு. அருவிக்கிட்ட அவ கொடை கெடச்சிருக்காம். இல்ல, கொடை மட்டும்தான். ஃபோன் போட்டுப் பிரயோஜனம் இல்ல அங்கிள், இந்தக் காட்டுல டவரே கெடையாது.

எப்படி விட்டுட்டு வந்தீங்கன்னா என்ன சொல்ல? காலேஜ் டூருக்கு ரெண்டு பஸ்ஸு. அவ முன்னாடி பஸ்ல இருக்கான்னு நாங்க நெனச்சோம், எங்ககூட இருப்பான்னு அவங்க நெனச்சாங்க. ஆள் விட்டுப் போகக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமே எழுதுனோம், மொத வருஷப் பசங்க நாங்களே. ஏறுனவங்க பேருக்கு நேரா டிக் அடிச்சா அது எண்ணிச் சொல்லும். நாப்பது வந்தாத்தான் வண்டி எடுக்கணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. நாப்பதுன்னுதான் காட்டுச்சு.

சத்தியமா அங்கிள். நீங்க பாக்கு மூட்டைய எப்படி எண்ணுவீங்க? ஒண்ணு, ரெண்டுன்னுதானே? கம்ப்யூட்டர் பட்டியல்ல மொத எடத்துக்கு நம்பரே சைபர். க்ளாஸ்ல படிச்சுப் படிச்சு சொன்னாங்க. சுஹாஸ் அத மறந்துட்டு ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்லி எழுதிட்டான். அப்ப சைபர்ல இருக்குற பேர அது பாக்கவே பாக்காது, ஆள் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வரிசைல மொதப் பேரு... ஆமா. அவதான்.

என்ன கேட்டீங்க? ஒரு பேர விட்டுட்டா முப்பத்தொம்பதுதானே வரணும்னா?

உள்ள இருக்குற யாரும் இன்னும் இதக் கேக்கல அங்கிள்.

வந்துச்சு. போன வாரம் லேப்ல, நாப்பது பேரும் கண்ணு முன்னாடி நிக்குறப்பவே முப்பத்தொம்பதுன்னு வந்துச்சு. சுஹாஸ் காப்பி குடிக்கப் போயிருந்தான். மேடம் பாக்க வர அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. ஒண்ணு ஏன் கொறையுதுன்னு தேடியிருக்கணும். தேடல. எண்ணி முடிச்சதும் ஒண்ணு கூட்டிக்கோன்னு அடியில ஒரு வரி சேத்துட்டேன். நாப்பது வந்துடுச்சு. அபேக்‌ஷாதான் மொதல்ல கை தட்டுனா.

சுஹாஸுக்கு அந்த வரி தெரியாது. தன் தப்பப் பாத்ததுமே ஒடஞ்சு போயிட்டான், அதுக்குக் கீழ படிக்கவே இல்ல. முழுக்கத் தன் தப்புதான்னு எழுதிட்டிருக்கான்.

கொஞ்சம் வழி விடுங்க அங்கிள். அவன் கையெழுத்து போடுறதுக்குள்ள நான் உள்ள போகணும்.