உரித்தால் வந்துவிடும்

அன்று கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிபோங் திபால் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது இடம், நாள், இருந்தவர் என்று தொடங்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

என் அண்ணன் குலசேகரத்தின் சாய்வு நாற்காலியில் அவர் மகன் கிருஷாந்த் இருந்தான். தகப்பனின் சாவுக்கு மெல்பர்னிலிருந்து வந்தவன். நான் தகப்பனின் தங்கை, என்னை மாமி என்பான். சன்னலோரச் சோபாவில் பக்கத்து வீட்டுச் சிவநேசன். மின்விசிறிக்கு நேர் கீழே, வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் நூருல் ஹுதா. சமையலறை வாசலில், முக்காலியில், அண்ணனைக் காலை வேளைகளில் பார்த்துக்கொண்ட தாதி ரோஹானா. நான் சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக இருந்தேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று, பேசுவதை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

வாசலருகே ஒரு கறுப்புக் குப்பைப் பை. அதற்குள் அண்ணனின் பழைய சாகா காரிலிருந்து அன்று காலையில் எல்லாருமாகச் சேர்ந்து உரித்தெடுத்த ரப்பர் தோல் சுருண்டு கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சிவநேசன்தான் முதலில் பேசினார். "ஆக்சிஜன் மிஷின் பின்னால இருக்கிற பஞ்சை நானே வெளிய எடுத்தேன். பிழிஞ்சா தண்ணி சொட்டுது லா. ஈரப் பஞ்சு வழியா மிஷின் எப்படி மூச்சு இழுக்கும்?"

"கழுவினேன்" என்றாள் ரோஹானா. அவள் பேசியது மலாயில். "சனிக்கிழமை காலையில் கழுவினேன். கொடியில் போட்டுக் காயவைத்துத்தான் திரும்ப மாட்டினேன். ஆன்ட்டியும் பார்த்தார்கள்."

கிருஷாந்த் என் பக்கம் திரும்பினான். "மாமி, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். அதைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே நான்தான். கையில் காய்ந்த ரொட்டி போல இருந்தது.

"நான் கார் வேலையில் இருந்தேன், கவனிக்கவில்லை" என்றேன். அப்படிச் சொன்னதையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நிறுவனத்தில் விசாரணை என்றும், தவறு உறுதியானால் ரோஹானாவின் தாதிப் பதிவை ரத்து செய்ய எழுதப்போவதாகவும் நூருல் ஹுதா சொன்னார். அதன் பிறகு அவள் எந்த நோயாளியின் கட்டிலருகிலும் நிற்க முடியாது. ரோஹானா அழவில்லை. முக்காலியின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இனிக் காரைப் பற்றிச் சொல்கிறேன். காரைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அது அண்ணன் இளவயதில் புதிதாக வாங்கிய நீல நிற சாகா. நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங்கின் வெயிலும் மழையும் பட்டுக் கூரையும் பானெட்டும் வெளுத்துப்போயிருந்தன, தேமல் விழுந்த முதுகைப் போல. நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பின், அண்ணன் சன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய சன்னல் கார் நிற்கும் முன்கூரைக்குள்தான் திறக்கிறது. புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்றால் கோபம் வந்துவிடும்.

"கம்பெனிப் பெயின்ட் அது. அதுக்கு மேல இன்னொருத்தன்ர கை படக்கூடாது. நான் செத்தாப் பிறகு என்னெண்டாலும் செய்."

ஜெலுத்தோங் சாலையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் வாசுவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவன் ஓர் அலங்காரத் தகட்டை எடுத்து, மேலிருந்த பூச்சின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தான். பால் ஆடை போல முழுதாக வந்தது. கீழே தகடு பளபளவென்று இருந்தது.

"இது பெயின்ட் இல்லக்கா, ரப்பர். கெரெத்தாவுக்கு, அதான் காருக்கு, சட்டை போட்ட மாதிரி. வேணாம்னா உரிச்சிடலாம், உள்ள ஒரிஜினல் அப்படியே இருக்கும். ஆனா ஒண்ணு, தடிப்பா அடிக்கணும். மெலிசா அடிச்சா உரிக்கறப்ப பிச்சிப் பிச்சி வரும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"தோசையே உனக்கு வட்டமா வராது. நீ கார் அடிக்கப் போறியோ?"

"உரித்தால் வந்துவிடும், அண்ணை."

"அப்ப சரி. நான் பாத்துக்கொண்டு இருப்பன். கண்டபடி அடிச்சியெண்டால் மணி அடிப்பன்."

அந்த மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டில் தலைமாட்டில் தொங்கிய பித்தளை மணி. தலையணை உயரம் சரியில்லை என்றாலும் மணி, குழாய் மூக்கிலிருந்து நழுவினாலும் மணி, ஒன்றுமில்லாவிட்டாலும் நான் இருக்கிறேனா என்று பார்க்க ஒரு மணி. நான் குறை சொல்லவில்லை. மூச்சுக்கு அல்லாடும் மனிதருக்குப் பயம் இருக்கும். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. முழுதாகத் தூங்கி எழுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. சோறு வடிக்கும்போது நின்றபடியே தூங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். தண்ணீர்மலைக்குப் போய் முருகனிடம் கேட்கலாம் என்றால் அந்தப் படிகளை ஏறக் காலில் தெம்பில்லை. ஏறியிருந்தாலும் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியும். அதனாலும் போகவில்லை.

ஒருமுறை கிருஷாந்திடம் கேட்டுப் பார்த்தேன். பராமரிப்பு இல்லம் ஒன்றில் கொஞ்ச நாள், ஒரே ஒரு மாதம், அப்பாவைச் சேர்க்கலாமா என்று.

"மாமி, அப்பாவுக்கு வேற ஆள் கை பட்டா பிடிக்காது, உங்களுக்கே தெரியும். நீங்க இருக்கிறதாலதான் நாங்க இங்க நிம்மதியா தூங்குறோம்" என்றான்.

அவன் அன்பாகத்தான் சொன்னான். நானும் சரி என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை ரோஹானா தன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு தொடங்கினேன். காரைக் கழுவி, துடைத்து, கண்ணாடிகளைச் செய்தித்தாளால் மூடி ஓரம் ஒட்டினேன். வாசுவிடம் வாங்கிய ஸ்பிரே டின்னின் மேல் எழுதியிருந்ததை மூன்று மொழிகளிலும் படித்தேன். படிக்காமல் எதையும் செய்வது என் வழக்கமில்லை. காற்றோட்டமான திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும் என்றிருந்தது. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அருகில் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரம் பட்டால் பூச்சு பொரிந்துவிடும். அதனால் முன்கூரையைச் சுற்றித் தார்ப்பாய்களை இறக்கிக் கட்டினேன். அண்ணன் பார்க்க வேண்டும் என்றாரே, அவர் சன்னலை மட்டும் அகலத் திறந்துவைத்தேன்.

ரோஹானா முன்பே ஒன்று சொல்லியிருந்தாள். ஊதுபத்தி வேண்டாம், கொசுவர்த்தி வேண்டாம், ஆன்ட்டி. இந்த மிஷின் தானாகக் காற்றை உண்டாக்குவதில்லை. அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இழுத்து அங்கிளின் மூக்கில் கொடுக்கிறது. எனக்கு நன்றாகப் புரியும்படி, மிஷினின் பின்பக்கம் கையை வைத்துக் காட்டிச் சொன்னாள்.

நான் முகமூடி போட்டுக்கொண்டேன். முதல் பூச்சு மெல்லியதாக, திட்டுத் திட்டாக இருக்க வேண்டும் என்று வாசு சொல்லியிருந்தான். அப்படியே அடித்தேன். வேலி மேல் தலையை நீட்டிச் சிவநேசன், "சாகாவுக்கு ரெயின்கோட்டா ஜெகா? பாவி, வாடை என் வீட்டு வரைக்கும் வருது!" என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து கத்திவிட்டு உள்ளே போனார். அண்ணன் சன்னலில் இருந்து, "லைட்டுக்குப் பக்கத்தில விட்டிட்டாய்" என்றார். விட்ட இடத்தை அடித்தேன்.

இரண்டாவது பூச்சு காயும்போது இருமத் தொடங்கினார். மணி அடித்தது.

அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வேன். பூச்சுதான் இருந்தது. தடிப்பாக அடித்தால்தான் முழுதாக உரியும். உரித்தால் வந்துவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவருடைய கம்பெனிப் பெயின்ட்டுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அவர் தாங்கமாட்டார். அதனால் மூன்றாவது அடித்தேன். மணி விடாமல் அடித்தது. நான் கையை ஒரே சீராக ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிறுத்தி அடித்தால் கோடு விழும். நடுவில் அவர் என்னைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது, சரியாகக் கேட்கவில்லை. "எடி ஜெகா" என்பது மட்டும் கேட்டது.

பிறகு மணி நின்றது.

நான்காவது பூச்சு அதற்குப் பிறகு அடித்ததுதான். எல்லாவற்றிலும் அதுவே மிக நன்றாக அமைந்தது.

உள்ளே போனபோது அவர் சன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தார். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சன்னலைச் சாத்தினேன். பின்கதவைத் திறந்து வாடை போகவிட்டேன். மிஷினின் பின்னால் இருந்த பஞ்சை மோந்து பார்த்தேன், ரப்பர் நாற்றம் அடித்தது. சவர்க்காரம் போட்டு அலசி, பிழிந்து, அப்படியே திரும்ப மாட்டினேன். காயவைக்க நேரமில்லை. பிறகுதான் சிவநேசனைக் கூப்பிட்டேன். மூக்கைச் சுளித்தபடி வந்தவர் அண்ணனைக் கண்டதும் வாடையை மறந்துவிட்டார். மெல்பர்னிலிருந்து போனில் கிருஷாந்த் சொல்லச் சொல்ல மிஷினைப் பிரித்துப் பார்த்ததும், ஈரத்தைக் கண்டதும் அவர்தான். ரோஹானா மேல் பழி விழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அது தானாக விழுந்தது.

வந்த டாக்டர், இவ்வளவு நாள் இருந்ததே பெரிது என்றார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் காரைப் பார்த்தார்கள். கண் மூடுமுன் தன் காரைப் புதிதாகப் பார்த்துவிட்டார், தங்கை ஆசையை நிறைவேற்றிவிட்டாள் என்றார்கள். நான் தலையசைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்பாவின் நிறம் தெரியட்டும் என்று கிருஷாந்த் ஆசைப்பட்டதால் உரித்தோம். ஒரே துண்டாக வந்தது. நாலு பேர் நாலு முனையைப் பிடித்து இழுக்க, சிவநேசன் ஏதோ வேடிக்கை சொல்ல, கிருஷாந்த்கூடச் சிரித்துவிட்டான். கீழே நீலம் வெளுத்த இடம் வெளுத்தபடி, மற்ற இடம் மற்றபடி இருந்தது. வாசு சொன்னது சரிதான், உள்ளே இருந்ததற்கு ஒரு சேதமும் இல்லை.

கூடத்தில் பேசி முடித்த பின் கிருஷாந்த் ஊருக்குத் திரும்பினான். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மூன்று நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை, ரோஹானா வந்தாள், எங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க. வாசற்கதவுக்கு வெளியிலேயே நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இப்பவாவது நல்லாத் தூங்குறீங்களா, ஆன்ட்டி?"

இத்தனை காலத்தில் அதை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். வேலை முடிந்த பிறகும், போய்ப் படுங்கள், நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கிளோடு இருக்கிறேன் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

அவள் போனதும் மேசைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இங்கே சொன்னதை எல்லாம் எழுதினேன். தார்ப்பாய், சன்னல், மணி, பஞ்சு, எதையும் விடவில்லை. நூருல் ஹுதாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் மலாயில் எழுதினேன். பிழை வந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். போனில் சொல்லியிருக்கலாம், அவர் எண் என்னிடம் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தைப் போனில் சொல்வது மரியாதை இல்லை. நிறுவனம் பட்டர்வொர்த்தில்தான், ஃபெர்ரி ஏறினால் நேரிலேயே கொடுத்துவிடலாம். வெயில் அதிகமாக இருந்தது.

புதன்கிழமை மதியம் உறையின் ஓரத்தில் பசை தடவி, மேலே ஒருமுறை விரலால் நீவி ஒட்டினேன். சுருக்கம் விழவில்லை. உண்மையை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். ரோஹானாவுக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். இனி அது போய்ச் சேருவது தபால்காரர்கள் பாடு.

தபால் நிலையத்தில் இருந்த சின்னப் பெண்ணின் சட்டையில் நூர் ஃபாத்திஹா என்று பெயர் இருந்தது. முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பட்டர்வொர்த்தா ஆன்ட்டி? எக்ஸ்பிரஸ்ல போட்டா நாளைக்கே கிடைச்சிடும். சாதாரணம்னா அடுத்த வாரம் ஆயிடும்."

"சாதாரணமே போதும், பிள்ளை" என்றேன். "அவசரம் ஒன்றுமில்லை."